யமஷிதா யசுஹிரோ: 203 வெற்றியும் அதற்கு அப்புறமும்

கேள்வி: அண்ணா, ஜப்பான் ஜூடோ வீரர் யமஷிதா 203 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1977 அக்டோபரில் தொடங்கி 1985இல் ஓய்வு பெறும்வரை. நடுவில் 7 டிரா உண்டு, தோல்வி கிடையாது. எடைப் பிரிவே இல்லாத அனைத்து ஜப்பான் பட்டத்தைத் தொடர்ந்து 9 முறை வாங்கியதுதான் எனக்கு அதைவிடப் பெரிது.

கேள்வி: கால் உடைந்தது எந்த ஆட்டத்தில்?

1980இல், எண்டோ சுமியோவுடன். எண்டோ ‘கானி பசாமி’ போட்டார்: பக்கவாட்டில் பாய்ந்து, எதிராளியின் கால்களைத் தன் இரு கால்களுக்கிடையே கத்தரித்துப் பின்னால் சாய்ப்பது. யமஷிதாவின் கால் எலும்பு முறிந்தது, ஆட்டம் டிரா. பிற்பாடு போட்டிகளில் அந்தப் பிடிக்கே தடை வந்தது. பயிற்சியில் யாராவது விளையாட்டுக்குப் போட வந்தாலும் மறுத்துவிடுங்கள். அதே வருட மாஸ்கோ ஒலிம்பிக்கையும் ஜப்பான் புறக்கணித்தது.

கேள்வி: 1984 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் எகிப்தின் ரஷ்வான் விட்டுக்கொடுத்தாராமே?

இல்லை. அப்படிச் சொல்வது இருவருக்குமே அநியாயம். லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டாவது ஆட்டத்திலேயே யமஷிதாவின் வலது கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது. அரையிறுதியில் பிரெஞ்சு வீரர் அவரை முதலில் விழவைத்துச் சிறு புள்ளியும் எடுத்தார்; யமஷிதா மீண்டு வந்து ஜெயித்தார். காயத்தைக் குறிவைக்க விரும்பவில்லை என்று ரஷ்வான் சொன்னதும், அவருக்கு நேர்மை விருது கிடைத்ததும் உண்மை. ஆனால் தங்கம் வாங்கத்தான் அவரும் இறங்கினார். அவர் தாக்க வந்த வேகத்தையே வைத்து யமஷிதா கீழே கொண்டுபோய், குறுக்காகப் படுத்து அமுக்கிவிட்டார். நின்று எறிய ஊன்றுகால் வேண்டும். தரையிலோ இடுப்பைத் தாழ்த்தி, மார்பின் எடையை இறக்கினால் போதும். அன்றைய விதிப்படி 30 விநாடி அமுக்கினால் இப்போன், முழுப் புள்ளி. பரிசு மேடையில் யமஷிதா ஏறக் கை கொடுத்தவர் ரஷ்வான்தான்.

கேள்வி: நல்ல வீரர், சரி. நல்ல ஆசிரியரா சார்?

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தோகாய் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்; 1992 முதல் 2000 வரை ஜப்பான் ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜப்பான் வீரர் ஷினோஹாரா இறுதியாட்டத்தில் நடுவர் தீர்ப்பால் தோற்றபோது, தன் அணிப் பையனுக்காக நடுவர்களிடம் போய் நின்றவர் இவர். அதே சிட்னியில் தங்கம் வாங்கிய இனோவே கோசெய் இவருடைய தோகாய் மாணவர். 2012 லண்டனில் ஜப்பான் ஆண்களுக்கு ஒரு தங்கமும் இல்லை. அதற்கப்புறம் இனோவே அந்த அணிக்குப் பயிற்சியாளரானார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்களுக்கு 5 தங்கம். ஆசிரியரின் கணக்கை நான் இப்படித்தான் பார்ப்பேன், மாணவரின் மாணவர்வரை.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

2019 முதல் 2025 வரை ஜப்பான் ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். 2023 அக்டோபரில் விழுந்து கழுத்தில் பலத்த அடி. கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, கொஞ்சம் முரடு. ஜூடோவில் சேர்த்தால் இன்னும் அடிப்பானோ?

யமஷிதாவின் வீட்டிலும் இதே கவலைதான். வயதுக்கு மீறிய உடம்பு, அடங்காத சேட்டை. அதனால்தான் ஜூடோவில் சேர்த்தார்கள். தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்குமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் முதல் வாரங்களில் எறியச் சொல்லித்தராமல் விழச் சொல்லித்தருகிறாரா? மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து விழுவதைக் குழந்தைகள் ஒவ்வொருவரிடமும் திருத்துகிறாரா? அப்படிப்பட்டவரிடம் விடுங்கள்.