விண்டோஸ் டெஸ்டை ஸ்கிப் செய்யலாமா?

கேள்வி (திருச்சி வாசகி): தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் சிறு பைத்தான் லைப்ரரி ஒன்றை கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன். என் உபுண்டுவில் எல்லா டெஸ்டும் பாஸ். விண்டோஸில் சில ஃபெயில். பழைய மேக் வைத்திருக்கும் தோழிக்கு வேறு சில ஃபெயில். விண்டோஸ் டெஸ்டுகளை மட்டும் ஸ்கிப் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. தமிழில் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் விண்டோஸில்தான் இருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய பிழைச் செய்தியைப் பார்த்தேன். ஃபைலைத் திறக்கும் இடத்தில் என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. உபுண்டுவில் அது தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 ஆகிவிடுகிறது. விண்டோஸில் பைத்தான் கணினியின் வட்டார அமைப்பைப் பார்க்கும். பல கணினிகளில் அது 1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணை. அதில் தமிழ் கிடையாது.

ஃபெயில் ஆன டெஸ்டை விட, பாஸ் ஆனதுதான் எனக்குக் கவலை தருகிறது. புள்ளி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். கடைசி பைட், பதினாறடிமான எண்ணில், 8டி. 1252 அட்டவணையில் அந்த இடம் காலி. அதனால் ‘அம்மா’ வந்ததுமே பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடும். ‘கதை’யில் புள்ளி இல்லை. அதன் ஒன்பது பைட்டுக்கும் அட்டவணையில் ஏதோ ஓர் எழுத்து உண்டு. எனவே பிழையே வராது. சொல் குப்பையாக உள்ளே போய்விடும். வரிகளை மட்டும் எண்ணும் உங்கள் டெஸ்ட் அதற்கும் பச்சை காட்டும். ஃபைல் திறக்கும் எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். பைத்தான் 3.15-இல் இதையே இயல்பாக்க முடிவு செய்திருக்கிறார்கள். ஆனாலும் பழைய பதிப்பில் இருப்பவர்களைக் கைவிட முடியாது.

மேக் விவகாரம் வேறு. ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் வைக்கலாம், யூனிகோடில் இரண்டும் சமம். 2017-இல் ஏபிஎஃப்எஸ் வருவதற்கு முன் மேக்கில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறை, ஃபைல் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். ‘கொடி’ என்று பெயர் வைத்த ஃபைலைத் திரும்பப் படித்தால், கண்ணுக்கு அதே ‘கொடி’. நீளம் மட்டும் ஒன்று கூடியிருக்கும். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி, அதாவது சேர்த்து எழுதும் ஒரே குறி வடிவத்துக்கு மாற்றுங்கள். எழுத்துப் பிரிக்கும் லைப்ரரிக்கு இது மேக்கோடு முடிகிற வேலையும் அல்ல. எந்த வடிவத்தில் உரை வந்தாலும் ‘கொ’ ஓரெழுத்து என்றே அது சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு டெஸ்ட் எழுதி, எல்லாத் தளத்திலும் ஓடவிடுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): என் லைப்ரரி சார்ந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிப்பைப் பூட்டி வைத்திருக்கிறேன். பயன்படுத்துகிறவர்கள் முரண் வருகிறது என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது நியாயம். செயலிக்குப் பூட்டு நல்லது. லைப்ரரி அடுத்தவர் திட்டத்துக்குள் போய் உட்காருவது. அங்கே வேறொரு லைப்ரரி வேறு பதிப்பைக் கேட்டால் இரண்டும் சேர்ந்து நிறுவவே முடியாது. குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்லுங்கள். அந்தக் குறைந்தபட்சத்தோடு ஒரு முறை, இன்று கிடைக்கும் புதியதோடு ஒரு முறை டெஸ்டை ஓட்டுங்கள். நிரல் மாறாத வாரத்திலும் அது தானாக ஓடட்டும். 2006-இல் 1.0 வந்த நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு லைப்ரரி, 2024 ஜூனில்தான் 2.0-வுக்குப் போனது. பழையதற்கென்று கம்பைல் செய்த நீட்சிகள் புதியதில் ஓடவில்லை. முன்னோட்டப் பதிப்போடு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

கேள்வி (மதுரை மாணவர்): முன்பின் தெரியாத ஒருவர் என் லைப்ரரிக்கு பேட்ச் (திருத்தம்) அனுப்பியிருக்கிறார். நிரலைப் படித்துவிட்டேன். டெஸ்ட் ஃபோல்டரில் உள்ள, கண்ணால் படிக்க முடியாத பைனரி ஃபைல்களையும் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் வெளிப்பட்ட பின்கதவு (ரகசிய நுழைவழி) அப்படித்தான் ஒளிந்திருந்தது: டெஸ்டுக்கான சுருக்கிய ஃபைல்கள் என்ற பெயரில். தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்தார். பேட்ச் அனுப்பியவரைச் சந்தேகப்பட்டுப் பேச வேண்டியதில்லை. அந்த ஃபைலை உருவாக்கும் சிறு ஸ்கிரிப்டைக் கேளுங்கள்; அதை நீங்களே ஓட்டி, வரும் ஃபைலை மட்டும் சேருங்கள்.