உபுண்டுவா, ரெட் ஹாட்டா, காளியா: பி.சி.ஏ. மாணவியின் தாய்க்கு

உங்கள் கடிதம் கிடைத்தது அம்மா. மகள் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்தான் லினக்ஸ், அதில் பல வகைகள் உண்டு. சீனியர் உபுண்டு போடு என்கிறார், வகுப்புத் தோழன் ஆர்ச் லினக்ஸ்தான் கெத்து என்கிறான். ஒரு பயிற்சி நிலையம் ரெட் ஹாட் படித்தால்தான் வேலை என்கிறது, இன்னொன்று காளி லினக்ஸைக் காட்டி எத்திக்கல் ஹேக்கிங்குக்கு, அதாவது அனுமதியோடு பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் வேலைக்குக் கூப்பிடுகிறது. அவளோ மாதத்துக்கு ஒன்றைப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறாள். தப்பானதைப் பிடித்துவிட்டால் படிப்பே வீணாகிவிடுமோ என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கெர்னல் எனும் ஒரே லினக்ஸ் மையப் பகுதிதான். கோப்பு அனுமதி, பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து வேறு கணினிக்குள் நுழையும் வழி), ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) இவையெல்லாம் எங்கும் பொது. மாறுவது மென்பொருளை நிறுவும் விதமும் சில கோப்புகள் இருக்கும் இடமும். நிறுவுவதற்கு உபுண்டு, டெபியனில் ஏபிடி என்ற கட்டளை. ரெட் ஹாட், ஃபெடோராவில் டிஎன்எஃப். இணையப் பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி வெப் சர்வரை உபுண்டுவில் அப்பாச்சி2 என்ற பெயரில் தேட வேண்டும், ரெட் ஹாட்டில் எச்டிடிபிடி. ஒன்றை ஒழுங்காகக் கற்றவளுக்கு மற்றது சில வாரப் பழக்கம்தான்.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. ரெட் ஹாட்டுக்கு இணையான இலவசப் பதிப்பாக ஏராளமான சர்வர்களில் ஓடியது சென்ட்ஓஎஸ். அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள். 2020 டிசம்பரில் திடீரென்று, 2021-ஆம் ஆண்டோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். சர்வர் நிர்வாகிகள் கொதித்தார்கள். அப்புறம் பலர் 2021-லேயே வந்த ராக்கி லினக்ஸுக்கும் அல்மாலினக்ஸுக்கும் மாறினார்கள். அங்கேயும் அதே கட்டளைகள், அதே கோப்புகள். சென்ட்ஓஎஸ் மட்டுமே தெரிந்தவர்கள்கூட புதிதாக எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை.

சரி, இப்போது எதைப் போடுவது? உபுண்டு எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், 5 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு, சந்தேகம் வந்தால் தேடியவுடன் பதில் கிடைக்கும். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் உபுண்டு திணறும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடட்டும், உள்ளே உபுண்டுதான். ஃபெடோரா அருமையானது, ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள். ஆர்ச் போட்டுப் பழகுவதும் நல்ல படிப்புதான், பிராஜெக்ட் இருக்கும் லேப்டாப்பில் மட்டும் வேண்டாம். காளியை உருவாக்குபவர்களே அதை லினக்ஸுக்குப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்புத் துறையில் அவளுக்கு ஆர்வம் இருந்தால் முதலில் நெட்வொர்க்கிங் படிக்கட்டும். விண்டோஸையும் உடனே அழிக்க வேண்டாம், கல்லூரி லேப் தேர்வுக்குத் தேவைப்படலாம். டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நேர்காணலில் 'நீ எந்த லினக்ஸ்?' என்பதில் யாரும் நிற்பதில்லை. இப்படிக் கேட்பார்கள்: சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது, பெரிய லாக் கோப்பு ஒன்றை அழித்தாய், ஆனாலும் இடம் திரும்பவில்லை, ஏன்? அந்தக் கோப்பை ஏதோ ஒரு பிராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது, அது விட்டால்தான் இடம் கிடைக்கும் என்பது பதில். அந்தப் பிராசஸைக் கண்டுபிடித்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டினாள். மாதாமாதம் இன்ஸ்டால் செய்பவளுக்கு இந்தப் பிரச்சினை வரவே வராது, வருவதற்குள் அழித்துவிடுகிறாளே! ஒன்றிலேயே ஒரு வருடம் இருந்து, கெட்டுப்போனால் அதையே சரிசெய்யட்டும்.

ரெட் ஹாட்டை நான் ஒதுக்கவில்லை. வங்கி, டெலிகாம் போன்ற பெரிய நிறுவனங்களின் சர்வர் வேலைக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் மதிப்பு ரெட் ஹாட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சிஸ்டம் நிர்வாகிச் சான்றிதழ் தேர்வுக்குத்தான், பயிற்சி நிலையம் அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு இல்லை. அந்தத் தேர்வில் சரியான விடைக்கு டிக் அடிக்கும் வேலை கிடையாது. ஓடுகிற சிஸ்டத்தில் செய்து காட்ட வேண்டும். செய்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருக்க வேண்டும், மனப்பாடம் செய்து போகிறவர்கள் இடறும் இடம் அது. சான்றிதழ் செல்லுபடியாவது 3 ஆண்டுதான், அதனால் இரண்டாம் ஆண்டிலேயே எழுதுவது அவசரம். மூன்றாம் ஆண்டின் கடைசியில் எழுதினால் வேலை தேடும்போது புதிதாகக் கையில் இருக்கும். அதுவரை கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் அல்மாலினக்ஸை ஐகான், மெனு எதுவும் இல்லாமல் கட்டளைத் திரையோடு மட்டும் போட்டு, காசு செலவில்லாமல் பழகலாம்.

ரெட் ஹாட் வகுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொல்கிறீர்கள். மீதியைக் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கட்டணத்தில் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, தேர்வை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா, நூறு சதவீத வேலை என்றால் போன பேட்ச்சில் யார் யாருக்கு எங்கே கிடைத்தது. மழுப்பினால் ரசீதைக் காட்டி முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வராமல் போனாலும் பரவாயில்லை, மீதியைக் கட்டாதீர்கள்.