வாசகர் கேள்வி-பதில்: லயத்துக்கு ஒரு கதவு எண்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இலங்கையைப் பற்றித்தான். கண்டிச்சீமைக்கும் கொழும்புக்கும் ஆள் அனுப்பிய செட்டிநாட்டு ஊர்கள் நம்முடையவை, கேட்கத்தானே செய்வார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

*கேள்வி: இலங்கையில் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதி ஆனார். நவம்பர் 14-ல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலும் அவர் கூட்டணிக்கு 225-ல் 159 இடம். இவ்வளவு பலத்தோடு வந்திருப்பவரிடம் நீங்கள் முதலில் எதை எதிர்பார்க்கிறீர்கள்?*
வாசகர், தேவகோட்டை

பதில்: ஒரு முகவரி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்தில் கொழுந்து பறிக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதவு எண், அந்தக் கதவு நிற்கிற மண்ணுக்கு அவர்கள் பெயரில் பத்திரம்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், 1976-ல் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் என்னைச் சேர்க்கைப் பதிவேட்டுக்கு உட்கார வைத்திருந்தார்கள். கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து சேர்ந்த ஒரு குடும்பம், பையனைச் சேர்க்க வந்தது. பையனுக்குப் பத்து வயசிருக்கும். கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையைத் தகப்பனார் நாலாக மடித்த துணிக்குள்ளிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். முன்பு இருந்த முகவரி என்ன என்று கேட்டேன். எஸ்டேட் பெயரைச் சொல்லிவிட்டு, "மேக்கணக்கு, அஞ்சாம் லயம், மூணாவது காம்பரா" என்றார். அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், ஐந்தாவது வரிசைக் குடியிருப்பில், மூன்றாவது அறை. தெரு? தெரு இல்லை. வீட்டு நம்பர்? அதுவும் இல்லை.

"அப்ப லெட்டர் எப்படிங்க வரும்?"

"தொரை ஆபீசுக்கு வரும் சார். காலையில பிரட்டுக்கு ஆள் சேரும்போது பேரைக் கூப்பிட்டுக் கொடுப்பாங்க. எங்க அப்பா செத்ததுக்கு வந்த தந்தி மூணு நாள் அந்த மேசையிலேயே கெடந்துச்சு." தொரை என்றால் தோட்ட மேனேஜர், பிரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது.

பூர்வீகம் எது என்று கேட்டதற்கு, "திருப்பத்தூர் பக்கம்னு தாத்தா சொல்லுவாரு" என்றார். கிராமத்தின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. நம் திருப்பத்தூர்தான், காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவர் ஆள் நம் ஆள். பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் எஸ்டேட் பெயரை மட்டும் எழுதினேன். மற்றதை எழுத இடம் போதவில்லை.

1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். வரவா, இருக்கவா என்று ஒரே லயத்துக்குள் அண்ணனும் தம்பியும் பிரிந்த கதை அந்தப் பையன் வீட்டிலும் உண்டு. குடியுரிமைச் சிக்கல் 2003-ல் வந்த சட்டத்தோடுதான் ஏறக்குறைய தீர்ந்தது. ஆனால் லயம் தீரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். இன்றும் பலருக்குக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகிறது.

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்று ஒரு திட்டம் ஓடுகிறது. நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இந்திய அரசு கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் மொத்தம் 14,000. தேவைக்கு அது காணாது. அநுரவின் கூட்டணி 2023 அக்டோபரில் மலையக மக்களின் உரிமைகளுக்காக ஹட்டனில் ஒரு பிரகடனமே வெளியிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையில் இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, செய்யலாம்.

என் அப்பா மலையகத்து நாவலப்பிட்டியில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரராக இருந்தவர். நான் படித்தது அந்தச் சம்பளத்தில். காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கடன் கொடுத்து வந்த வட்டியும் நம் ஊரில் வளவு என்கிற பெரிய வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் கலந்திருக்கிறது. நமக்கு அந்த மக்கள் யாரோ இல்லை.

*கேள்வி: 2019-ல் மூன்று சதவீத ஓட்டு வாங்கியவர் 2024-ல் எப்படி ஜெயித்தார்?*
வாசகி, காரைக்குடி

பதில்: 2022-தான் காரணம். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. கேஸ் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. இங்கிருந்து தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் பால் மாவும் மருந்தும் அனுப்பியது. ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைய, ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டே போனார். பழைய குடும்பங்கள் எதுவும் வேண்டாம் என்ற முடிவுக்கு மக்கள் அன்றைக்கே வந்துவிட்டார்கள். அநுர தம்புத்தேகமவில் வளர்ந்த, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம்தான். யாரும் பாதியைத் தாண்டாததால், வாக்காளர் அடுத்த விருப்பமாகக் குறித்த இரண்டாம் விருப்ப வாக்கையும் எண்ணித்தான் அறிவித்தார்கள், அந்த நாட்டில் அது முதல் தடவை.

*கேள்வி: அநுரவின் கட்சியான ஜேவிபியின் பழைய கதை தெரிந்துமா நம்புகிறீர்கள்?*
வாசகர், புதுவயல்

பதில்: தெரியும். மறக்கவும் இல்லை. 1971-லும் 1987 முதல் 89 வரையிலும் ஆயுதம் தூக்கிய கட்சி. ஆரம்ப காலத்தில் "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்று தனி வகுப்பே எடுத்து, தோட்டத் தமிழர்களையும் அதன் கையாட்களாகப் பார்த்தார்கள். 2006-ல் வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் சேர்ந்திருக்கக் கூடாது என்று வழக்குப் போட்டுப் பிரித்ததும் அவர்கள்தான். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் 2024 நவம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டத்தில் முதலிடம் அவர்களுக்கு. நுவரெலியாவிலும் அவர்களுக்கு. மட்டக்களப்பு ஒன்றுதான் விலகி நின்றது. அடிபட்ட ஜனங்களே ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும்போது, இங்கே விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு அதெல்லாம் நடக்காது என்று நான் எழுதினால் அது சரியில்லை.

மாகாண சபைத் தேர்தலை நடத்தட்டும், வடக்கில் கடைசியாக நடந்தது 2013-ல். ராணுவத்திடம் இருக்கிற காணிகளை உரியவர்களிடம் கொடுக்கட்டும். அப்புறம் கிளிநொச்சியில் அந்த அம்மாக்கள். காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு 2017 பிப்ரவரியிலிருந்து போராடுகிறார்கள். பிள்ளை வரும் என்று காத்திருந்தே சிலர் கண்ணை மூடிவிட்டார்கள். இருக்கிறவர்களுக்காவது என்ன நடந்தது என்று ஒரு ஜனாதிபதி நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இவர் போவார் என்று நம்புகிறேன். போகாவிட்டால் இதே பக்கத்தில் கேட்பேன்.

*கேள்வி: எங்கள் படகுகளைப் பிடிக்கிறதை இவராவது நிறுத்துவாரா?*
வாசகர், கோட்டைப்பட்டினம்

பதில்: உங்கள் வீட்டு ஆள் சிறையில் இருக்கும்போது நான் எதைச் சொன்னாலும் கசக்கத்தான் செய்யும். இருந்தாலும் சொல்கிறேன். அங்கே 2017-லேயே கடலடியை வாரி இழுக்கிற இழுவை மடிக்குத் தடை போட்டாயிற்று. நம் விசைப்படகு அறுத்துவிட்டு வருகிற வலை யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர் வலை, போர் முடிந்து கடன் வாங்கிப் போட்டது. அநுர அரசின் மீன்வளத் துறை அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர், தமிழர். இரண்டு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச அவர் வழி செய்ய வேண்டும். பிடிபட்டவர்களை உடனே விட வேண்டும். நம் அரசும் இழுவை மடியை விட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும், கடனாக இல்லாமல்.

*கேள்வி: எனக்கு 74 வயது. அப்பச்சி கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலைப் பார்க்காமலே காலம் போய்விடும் போலிருக்கிறது. இப்போது போகலாமா?*
வாசகி, கண்டனூர்

பதில்: தாராளமாகப் போகலாம் ஆச்சி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். மழைக்காலம் கழியட்டும், கடல் அடங்கியதும் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கினால் கொழும்புக்கு பஸ் உண்டு. முழங்கால் வலி என்றால் சென்னையிலிருந்து விமானமே நல்லது, ஒன்றரை மணி நேரம்தான். ஆடி வேல் திருவிழாச் சமயத்தில் போனால் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படுவதைப் பார்க்கலாம். துணைக்குப் பேரப்பிள்ளை யாரையாவது கூட்டிப் போங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால், பதுளை ரயிலேறி நாவலப்பிட்டியில் இறங்கி, ஏதாவது ஒரு தோட்டத்து லயத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு வாருங்கள். கதவில் நம்பர் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள்.