தேர்ப் படமும் கடைக் கலண்டரும்

கேள்வி: நல்லூர்த் தேரன்று நான் எடுத்து, என் பெயருடன் முகநூலில் போட்ட படத்தை ஒரு கடைக்காரர் பெயரை வெட்டிவிட்டுக் கலண்டராக அடித்திருக்கிறார். கேட்டதற்கு, "பதிவு செய்திருக்கிறீரா?" என்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு படப்பிடிப்பாளர், கோண்டாவில்

பதில்: தம்பி, அவர் கேட்ட கேள்வியே பிழை. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் எடுத்த கணமே உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடங்கள் அது நீடிக்கும். முகநூலில் போட்டதால் ஊர்ச் சொத்தாகிவிடாது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அன்றைக்கு யாராவது காசு பேசி உங்களைப் படம் எடுக்க வைத்தார்களா? அப்படியென்றால் கதை மாறும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்தால் வரும் பொருளாதார உரிமை எடுப்பித்தவருக்கே போகும். கலியாண வீட்டுப் படம் எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குக் கவலை. முற்பணம் வாங்கும் பற்றுச்சீட்டிலேயே, "பதிப்புரிமை படப்பிடிப்பாளருக்கு" என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் ஒப்பமிடுங்கள்.

சரி, நீங்களாக எடுத்த படம் என்றே வைத்துக்கொள்வோம். கமராவில் இருந்து வந்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள். எடுத்த திகதியும் நேரமும் அதற்குள் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் வேண்டும். தேர் வீதியில் திரும்ப முன் ஒன்று, திரும்பிய பின் ஒன்று என்று வரிசையாக உங்களிடம் இருக்கும். வெட்டியவரிடம் அந்த ஒரு படம்தான் இருக்கும். கலண்டரிலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், சட்டத்தரணி மூலம் பதிவுத்தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பெயரை நீக்கியது தனித் தவறு, அதையும் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் இணங்கி வந்தால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள்: எந்த வருடக் கலண்டர், எத்தனை பிரதி, எவ்வளவு காசு என்று எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும்.

இணங்காவிட்டால் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். ஆனால் அந்த வழக்கு கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு கலண்டருக்காக உங்களை முதலில் அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. வேண்டுமென்றே செய்த மீறல் குற்றமும்தான். நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கடிதத்தில் இதைச் சுட்டிக்காட்டினாலே பலர் பேச வருவார்கள்.

அதுவரை முகநூலில் அவரைத் திட்டி எழுதாதீர்கள். அவதூறு என்று அவர் உங்கள் மேல் திரும்ப இடம் கொடுக்க வேண்டாம்.