ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் (ஐஸ் மீது நடக்கும் வேகப் பந்தயம்) உங்களை மிகவும் அசரவைத்த உலக சாதனை எது, ஏன்?

ஸ்வீடனின் நில்ஸ் வான் டெர் போல், 10,000 மீட்டர், பெய்ஜிங் ஒலிம்பிக், 2022 பிப்ரவரி 11. நேரம் 12 நிமிடம் 30.74 வினாடி.

இது இப்போது உலக சாதனை இல்லை. 2025 ஜனவரியில் இத்தாலியின் டாவிடே கியோட்டோ கால்கரியில் 12:25.69 எடுத்து அதைத் தாண்டிவிட்டார். இருந்தாலும் என் ஓட்டு அந்த ஸ்வீடன்காரருக்குத்தான், காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒரு சாதனையைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது "எந்த ஊரில்?" என்பதுதான். சாதனைப் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி, கனடாவின் கால்கரி என்று இந்த இரண்டு ஊர்ப் பெயர்களே மாறி மாறி வரும். சால்ட் லேக் சிட்டி மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,425 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கால்கரி ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அருகில் போகிறவரைப் பிடித்து இழுப்பது ஐஸ் அல்ல, ஐஸில் உராய்வு ரொம்பக் குறைவு, இழுப்பது முன்னால் இருக்கும் காற்றுதான். அதனால்தான் அவர்கள் முதுகை மேஜை மாதிரி மடக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறார்கள். சரி, பத்தாயிரம் மீட்டர் போன்ற நீண்ட தூரத்தில் உயரமான ஊரில் மூச்சு வாங்கும், ஆக்ஸிஜன் குறைவு, அதனால் 500 மீட்டர்காரர்களுக்குக் கிடைக்கும் அளவு லாபம் இவர்களுக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் லாபம் லாபம்தான். 2015-இலிருந்து இந்தத் தூரத்தின் சாதனையை வைத்திருந்த கனடாவின் டெட்-யான் ப்ளூமனும், 2020-இல் அதை உடைத்த இன்னொரு கனடாக்காரர் கிரேம் ஃபிஷ்ஷும் சால்ட் லேக் சிட்டியில்தான் அதைச் செய்தார்கள்.

வான் டெர் போல் அந்தச் சாதனையை 2021 பிப்ரவரியில் முறியடித்தது நெதர்லாந்தின் ஹீரன்ஃபேனில். அது கடல் மட்டத்து ஊர். அடுத்த வருஷம் அதை அவரே மறுபடி உடைத்தது பெய்ஜிங்கில், அதுவும் கிட்டத்தட்ட சமவெளி. மெல்லிய காற்றைத் தேடி மற்றவர்கள் மலையேறும்போது இவர் கெட்டிக் காற்றைக் கிழித்துக்கொண்டு இரண்டு தடவை சாதனை செய்திருக்கிறார். நான் அசந்தது இங்கேதான்.

அந்தப் பந்தயத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொபைலில் பார்த்தேன். தெரியாதவர்களுக்கு: ஒரு சுற்று 400 மீட்டர், மொத்தம் 25 சுற்று. ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் ஓடுவார்கள், சுற்றுக்கு ஒரு தடவை உள் லேனும் வெளி லேனும் மாறிக்கொள்ள வேண்டும். (2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் பயிற்சியாளர் கை காட்டியதை நம்பி தவறான லேனுக்குள் போய், எல்லாரையும் விட வேகமாக முடித்தும் தகுதி நீக்கம் ஆனார். அந்த வீடியோவை இன்றுவரை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.) வான் டெர் போலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 750.74 வினாடியை 25 சுற்றால் வகுத்தால் சுற்றுக்கு 30 வினாடி, சராசரி வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். கிட்டத்தட்ட பன்னிரண்டரை நிமிடம் அதை நிறுத்தாமல். திரையின் மூலையில் சுற்று நேரம் வரும்போதெல்லாம் முப்பது, முப்பது, மறுபடி முப்பதை ஒட்டியே. வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி வாங்கிய பாட்ரிக் ரூஸ்ட் 12:44.59, அதாவது கிட்டத்தட்ட 14 வினாடி பின்னால். ஐந்து நாளைக்கு முன் நடந்த 5,000 மீட்டரில் இதே ரூஸ்டிடம் கடைசிச் சில சுற்றுகள் வரை பின்தங்கியிருந்து, கடைசியில் அரை வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஜெயித்திருந்தார். பத்தாயிரத்தில் அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை.

இதே ஆள் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பதக்கத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. அப்புறம் ஸ்கேட்டை ஓரம் வைத்துவிட்டு ஸ்வீடன் ராணுவத்துக்குப் போனார், நூறு கிலோமீட்டர் ரகத்து ஓட்டமெல்லாம் ஓடினார், திரும்பி வந்து இப்படி ஒரு வேலை செய்தார்.

இந்த இடத்தில் யாராவது கமெண்டில் "எரிக் ஹைடனை மறந்துட்டீங்களா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. அமெரிக்க ஸ்கேட்டர், 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக், 500-இலிருந்து 10,000 மீட்டர் வரை ஐந்து தங்கமும் ஒரே ஆளுக்கு. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்தவரே பத்தாயிரம் மீட்டரிலும் ஜெயித்தால் எப்படி இருக்கும், அது மாதிரி. அதிலும் அந்தக் கடைசி நாள்! முந்தின நாள் இரவு அமெரிக்கா சோவியத் யூனியனை ஐஸ் ஹாக்கியில் வீழ்த்திய மேட்ச்சைப் பார்க்கப் போயிருக்கிறார், காலையில் தூங்கிவிட்டார், அவசரத்தில் நாலு துண்டு ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். போய் 10,000 மீட்டரில் 14:28.13, பழைய உலக சாதனையை ஆறு வினாடிக்கு மேல் குறைத்துவிட்டார். கூரையில்லாத திறந்தவெளி ஐஸில், குதிகால் விடுபடாத பழைய ஸ்கேட்டில்.

அந்தக் குதிகால் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இப்போது எல்லாரும் போடுவது கிளாப் ஸ்கேட், முன்பாதத்துக்குக் கீழே ஒரு கீல், குதிகால் தூக்கினாலும் பிளேடு கொஞ்சநேரம் ஐஸிலேயே இருக்கும், அதனால் உதைப்பு நீளும். 'டப் டப்' என்று சத்தம் வருவது பிளேடு திரும்பி ஒட்டும்போது. இதே 10,000 மீட்டரில் 1994 ஒலிம்பிக்கில் நார்வேயின் யோஹான் ஓலாவ் காஸ் பழைய ஸ்கேட்டில் 13:30.55, நான்கே வருஷம் கழித்து நாகானோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஜியானி ரொம்மே கிளாப் ஸ்கேட்டில் 13:15.33. அதனால் ஹைடனையும் வான் டெர் போலையும் நேரத்தை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஹைடன் செய்தது வீரம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கேள்வி ஒரு தனிச் சாதனையைப் பற்றி, அதில் நான் கட்சி மாற மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்ததும் வான் டெர் போல் தன் பயிற்சி முறை முழுவதையும் அறுபத்திரண்டு பக்கமாக எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார். வாரத்தில் ஐந்து நாள் மாடு மாதிரி உழைப்பு, இரண்டு நாள் முழு ஓய்வு. ஓய்வு நாளில் நண்பர்களோடு பீர். குளிர்காலம் வருவதற்கு முன் மாதக்கணக்கில் தினமும் ஆறேழு மணி நேரம் சைக்கிள். பனிக்காலத்தில் பந்தய வேகத்திலேயே சுற்றுகள், முப்பது வினாடியில் ஓட வேண்டுமா, முப்பது வினாடியிலேயே ஓடிப் பழகு. அவ்வளவுதான் ரகசியம். ஒலிம்பிக்குக்கு அடுத்த மாதம் நார்வேயின் ஹாமரில் ஆல்ரவுண்ட் (பல தூரங்களைச் சேர்த்துக் கணக்கிடும்) உலகப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு 25 வயதிலேயே விலகிவிட்டார்.

நானும் அந்த அறுபத்திரண்டு பக்கத்தையும் டவுன்லோட் செய்து படிக்க ஆரம்பித்தேன். சைக்கிள் பகுதி வந்ததும் மூடிவிட்டேன். பீர் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.