கடிதம் கேட்டது படிவம், தமையன் கேட்டது காசு

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், அரச பாடசாலை ஆசிரியை. என் கணவர் அமெரிக்கப் பிரஜை. அங்கே அவருடைய முதல் திருமணம் 2017இல் விவாகரத்தானது. 2019இல் கொழும்புக்கே திரும்பி வந்தார், 2020இல் என்னைத் திருமணம் செய்தார். பிள்ளைகள் இல்லை. விவாகரத்துத் தீர்ப்பின்படி முன்னாள் மனைவி அவருக்கு மாதம் 1,500 டொலர் தாபரிப்பு அனுப்பி வந்தார். அந்தப் பெண்ணின் 401கே ஓய்வூதியக் கணக்கில் இவருக்கென்று நீதிமன்றம் ஒதுக்கிய 60,000 டொலரை 2023 டிசம்பரில் நேரே அந்தக் கணக்கில் இருந்தே எடுத்தார். 12,000ஐப் பிடித்துக்கொண்டு 48,000 அனுப்பினார்கள். அதை இங்கே ஒரு வங்கியில் டொலர் வைப்பில் போட்டார். 2024 ஆகஸ்ட் கடைசியில் மாரடைப்பு. 57 வயதுதான். மரணசாதனம் எழுதியிருந்தார், எல்லாம் எனக்கு, நிறைவேற்றுநரும் நானே. புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு முடிந்து, நிறைவேற்றுநர் நானே என்ற பத்திரம் கையில் இருக்கிறது.

2022 வரை ஒரு கணக்காளர் மூலம் ஒழுங்காக அமெரிக்க வரிப் படிவம் போட்டவர், 2023க்குப் போடவில்லை. இப்போது நியூ ஜெர்சியில் இருக்கும் அவருடைய தமையன் வீட்டுக்கு வரிக் கடிதம் வந்திருக்கிறது. "20,000 டொலர் வரும், கட்டாவிட்டால் உன் பெயருக்கு மாற்றுவார்கள்" என்கிறார். நகைகளைச் செட்டியார் தெருவில் 14 இலட்சத்துக்கு அடகு வைத்தேன், மாதம் ஒன்றரை வீதம் வட்டி. சீட்டைக் கழிவு கூறி எடுத்து 6 இலட்சம். மொத்தம் 20 இலட்சத்தை, அவர் சொன்னபடி உண்டியலில் (வங்கி வழியல்லாத பணமாற்றில்) மூன்று தடவையாக அனுப்பிவிட்டேன். இன்னும் 12,000 டொலர் வேண்டுமாம். கூட்டுப் படிவம் ஒன்றில் கையெழுத்தும் கேட்கிறார். தாலிக்கொடியை வைப்பதா, டொலர் வைப்பை உடைப்பதா? உறவுக்காரப் பையன் ஒருவன் டொலரை டிஜிட்டல் நாணயமாக மாற்றி அனுப்பினால் செலவு குறையும், மிச்சத்தையும் அதிலேயே போடலாம் என்கிறான். கடிதத்தின் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: தாலிக்கொடி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் சகோதரி. தமையனுக்காக வைப்பையும் உடைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் சிறிய எழுத்தில் சிபி59 என்று இருக்கிறது. அமெரிக்க வரி அலுவலகமான ஐ.ஆர்.எஸ். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இப்படி ஓர் இலக்கம் உண்டு. சிபி59 என்றால் "உங்கள் 2023 வரிப் படிவம் எங்களிடம் பதிவாகவில்லை, போடுங்கள்" என்று அர்த்தம். கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், அதில் ஒரு டொலர் தொகைகூட இல்லை. 20,000 என்பது ஐ.ஆர்.எஸ். சொன்ன கணக்கல்ல, தமையன் போட்ட கணக்கு. அதை எழுதி வாங்காமல், யாரிடமும் காட்டாமல், வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்த ஒவ்வொரு முறையும் அடகுக் கடைக்கு நடந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இழப்பைத் தருவது இந்தப் பழக்கம்தான். வரியைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் பயம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது கடதாசி.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விவாகரத்து 2017இல் நடந்தது. 2018 டிசம்பர் 31க்குள் முடிந்த விவாகரத்துகளில் தாபரிப்பு பெறுபவருக்குத்தான் அது வருமானம். (2019இலோ அதற்குப் பிறகோ முடிந்திருந்தால் அவருக்கு அதில் வரியே இல்லை.) ஆகவே 2023இல் தாபரிப்பு 18,000. ஓய்வூதியக் கணக்கில் இருந்து 60,000. கையில் வந்தது 48,000 என்றாலும் வருமானமாகச் சேர்வது முழு 60,000தான். கூட்டினால் 78,000. நீங்கள் அமெரிக்கப் பிரஜை இல்லை என்பதால் அவர் "திருமணமானவர், தனியாகப் படிவம் போடுபவர்" என்ற வகையில் வருவார். அந்த வகைக்கு 2023இல் நிலையான கழிவு, அதாவது வரி போடாமல் விடும் தொகை, 13,850. மிச்சம் 64,150. முதல் 11,000க்கு 10 வீதம், அதற்கு மேல் 44,725 வரை 12 வீதம், அதற்கும் மேல் 22 வீதம். 1,100, 4,047, ஏறக்குறைய 4,270. மொத்த வரி சுமார் 9,420 டொலர்.

பணம் வரும்போது பிடித்த 12,000 எங்கே போனது? அது வரிக்கான முற்பணமாக அவர் பெயரில் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. 12,000த்தில் 9,420 போனால் மிச்சம் சுமார் 2,580 டொலர். கட்ட வேண்டிய பணமல்ல, உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் ஏழே முக்கால் இலட்சம்.

தமையனின் 20,000 எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 60,000க்கு 22 வீதம் 13,200, வயது 59½ ஆகுமுன் ஓய்வூதியப் பணத்தை எடுத்ததற்கு 10 வீத அபராதம் 6,000. கூட்டினால் 19,200. பிடித்த 12,000ஐ மறந்துவிட்டார். நிலையான கழிவையும் மறந்துவிட்டார். அதைவிடப் பெரிய பிழை அந்த அபராதம். ஓய்வூதியக் கணக்கைப் பங்கிட விவாகரத்து நீதிமன்றம் கொடுக்கும் கியூடிஆர்ஓ என்ற உத்தரவின்படி 401கே கணக்கில் இருந்து முன்னாள் துணைக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு அந்த 10 வீதம் கிடையாது. அவர் அதை முதலில் தன் சொந்த ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றி, பிறகு எடுத்திருந்தால் கதை வேறு. நேரே எடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. அவருடைய கடதாசிகளில், ஓய்வூதியப் பணம் கொடுத்ததைக் காட்டும் 1099-ஆர் என்ற படிவத்தைத் தேடி, 7ஆம் பெட்டியில் என்ன இலக்கம் என்று பாருங்கள். 2 என்றால் பிரச்சினை இல்லை. 1 என்றிருந்தால் 5329 என்ற படிவத்தை இணைத்து, அதில் விலக்கு இலக்கம் 06 என்று எழுத வேண்டும். 6,000 டொலர் அந்த இரண்டு எழுத்தில் நிற்கிறது.

தாமத அபராதம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படிவம் பிந்தியதற்கான அபராதத்தைக் கட்டாமல் விட்ட வரியின் மேல்தான் கணக்கிடுகிறார்கள். கட்டாமல் விட்ட வரி இல்லையென்றால் அபராதமும் இல்லை. ஆனால் திரும்பி வர வேண்டிய பணத்துக்குக் காலக்கெடு உண்டு. 2023க்கான படிவத்தை 2027 ஏப்ரல் 15க்குள் போடாவிட்டால் அந்த 2,580 அமெரிக்க அரசுக்கே.

2024 வருடத்துக்கும் ஒரு படிவம் வேண்டும், ஜனவரி முதல் அவர் இறந்த நாள் வரை. தாபரிப்பு எட்டு மாதம் 12,000. 48,000க்கு 5 வீதம் போட்டால் வைப்பின் வட்டி சுமார் 1,600. அந்த வருடக் கழிவு 14,600, இடையில் இறந்தாலும் முழுதாகக் கிடைக்கும். வரி பூச்சியம். ஆனாலும் தனியாகப் போடுபவருக்கு வருமானம் 5 டொலரைத் தொட்டாலே படிவம் போட வேண்டும் என்பது சட்டம், ஆகவே போட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கதையில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைத் தமையன் வாயே திறக்கவில்லை. அமெரிக்கப் பிரஜைக்கு வெளிநாட்டு வங்கிகளில் எல்லாம் சேர்த்து 10,000 டொலருக்கு மேல் வருடத்தில் ஒரு நாளாவது இருந்தால், எஃப்பார் என்ற அறிக்கையை வரிப் படிவத்துக்குப் புறம்பாக இணையத்தில் போட வேண்டும். வரியே இல்லாவிட்டாலும் போட வேண்டும். தெரியாமல் விட்டவர்களுக்கும் அபராதம் 10,000 டொலரைத் தாண்டலாம். அவருடைய கொழும்பு வைப்பு 2023, 2024 இரண்டு வருடத்துக்கும் இதில் வரும். அவர்களாகக் கேட்பதற்கு முன் நாமாகப் போட்டு, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி, வட்டியைப் படிவத்தில் காட்டிவிட்டால் பொதுவாக அபராதம் போடுவதில்லை. 2023 படிவத்தைக் கேட்டு ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டதால், அந்த வருடத்துக்கு மட்டும் இந்தச் சலுகை உறுதியில்லை. செய்வதை இப்போதே செய்யுங்கள்.

அப்புறம் அந்தக் கூட்டுப் படிவம். கையெழுத்து வைக்காதீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், கூட்டாகப் போட்டால் 2023 வரி இன்னும் மூவாயிரம் டொலருக்கு மேல் குறையும். ஆனால் அதற்கு நீங்கள் அமெரிக்க வரிக்கு உட்பட்டவர் என்று தேர்வு செய்ய வேண்டும், உங்கள் சம்பளம், வட்டி எல்லாவற்றையும் அங்கே காட்ட வேண்டும். அந்த வருடப் படிவத்தில் நாளைக்கு ஏதும் பிழை வந்தால் முழுத் தொகைக்கும் நீங்கள் சொந்தப் பொறுப்பு. இப்போது அப்படியில்லை. வரிக் கடன் என்று ஏதும் இருந்தாலும் அது அவர் விட்டுச்சென்ற சொத்தோடு நிற்கும், உங்கள் சம்பளத்துக்கும் சீதன நகைக்கும் வராது. "உன் பெயருக்கு மாற்றுவார்கள்" என்ற பயமுறுத்தல் உண்மையாவது நீங்கள் அந்தக் கையெழுத்தை வைத்தால்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரிக் கடன் இருப்பது தெரிந்தும் சொத்தைப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவிட்டால் நிறைவேற்றுநரைப் பிடிப்பார்கள். படிவங்கள் முடியும் வரை அந்த வைப்பின் பெரும் பகுதியைக் கரைக்க வேண்டாம்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முயலாதீர்கள். என்ரோல்ட் ஏஜென்ட் என்று ஐ.ஆர்.எஸ்.ஸே உரிமம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், இணையம் வழியாகவே வேலை செய்வார்கள். இறந்தவருக்கும் விவாகரத்துப் பங்குக்கும் படிவம் போட்ட அனுபவம் உண்டா என்று கேளுங்கள், கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கொடுக்க வேண்டியவை மரணச் சான்றிதழ், புதுக்கடைப் பத்திரத்தின் பிரதி, விவாகரத்துத் தீர்ப்பு, 1099-ஆர். நீங்களே பொறுப்பாளர் என்று 56ஆம் படிவத்தில் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அறிவித்து, உங்கள் கொழும்பு முகவரியைக் கொடுத்துவிட்டால் இனிக் கடிதங்கள் நியூ ஜெர்சிக்குப் போகாது. இதைப் படிவங்களுக்கும் முன்னதாகச் செய்யச் சொல்வேன்.

அடுத்து, அவர் கணக்கின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது ஐ.ஆர்.எஸ். வைத்திருக்கும் பதிவின் பிரதியை, ஏஜென்டிடம் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். 60,000 வந்ததும் 12,000 பிடித்ததும் அதில் இருக்கும். யார் எப்போது எவ்வளவு கட்டினார்கள் என்பதும் இருக்கும். உங்கள் 20 இலட்சம், அதாவது சுமார் 6,660 டொலர், ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போயிருந்தால் அங்கே தெரியும். தமையனைத் திருடர் என்று நான் சொல்லவில்லை, அரைகுறைக் கணக்கில் பயந்துபோன மனிதராகவும் இருக்கலாம். ஆனால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கான காசோலை "யுனைட்டட் ஸ்டேட்ஸ் ட்ரெஷரி" பெயருக்குத்தான் எழுதப்படும், எந்த உறவினரின் கணக்குக்கும் அல்ல. உண்டியலில் அனுப்பியதற்கு ரசீது இல்லை, சட்டப்படியும் அது சரியான வழியில்லை, வழக்கென்று போனாலும் அதைக் காட்டிப் பேசுவது சிரமம். வாட்ஸ்அப்பில் அவர் தொகை கேட்டதும் "கிடைத்தது" என்று சொன்னதும் இருக்கிறதல்லவா, எதையும் அழிக்காமல் பிரதி எடுத்து வையுங்கள்.

அடகுக்கு வருவோம். 14 இலட்சத்துக்கு மாதம் 21,000 ரூபாய், வருடத்துக்கு 2 இலட்சத்து 52 ஆயிரம். அதே 14 இலட்சம், சுமார் 4,670 டொலர், உங்கள் வைப்பில் 5 வீதத்துக்கு வருடம் 70,000 ரூபாய்தான் தருகிறது. 70,000 வாங்குவதற்காக 2 இலட்சத்து 52 ஆயிரம் கொடுக்கிறீர்கள். வைப்பின் அடுத்த முதிர்வு நாளில் அந்த அளவை மட்டும் மாற்றி நகையை மீட்டுவிடுங்கள். மிச்சம் 43,000 டொலருக்கு மேல் இருக்கும். தமையன் சொல்லும் 20,000 முழுதும் உண்மை என்றாலும்கூடச் சமாளிக்கப் போதும். சீட்டை ஒழுங்காகக் கட்டி முடியுங்கள், வேறு வழியில்லை. திரும்பி வரும் 2,580ஐ ஏஜென்டின் கட்டணத்துக்கும் சீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

உறவுக்காரப் பையனின் டிஜிட்டல் நாணயம் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. மத்திய வங்கி பல வருடமாக எச்சரித்து வந்திருக்கிறது, காசு போனால் மீட்பதும் மிகக் கடினம். அவனுக்கு ஆர்வம் இருந்தால் அவன் சம்பளத்தில் விளையாடட்டும். வங்கியில் ஏற்கெனவே 5 வீதம் தரும் டொலரை, வரிக் கணக்கு முடியாத நிலையில், அங்கே கொண்டுபோய்ப் போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உங்கள் பெயரில் ரூபாய் வைப்பும் இருந்தால் ஒரு சின்ன விஷயம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் எல்லாம் சேர்த்து 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம்.

தமையனுக்கு இன்றிரவு அழைக்க வேண்டாம், எழுதுங்கள். "அண்ணா, படிவத்தை நான் ஒரு ஏஜென்ட் மூலம் போடுகிறேன். கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், இதுவரை ஐ.ஆர்.எஸ்.ஸுக்குக் கட்டியதன் ரசீதுகளையும் அனுப்பிவையுங்கள். கட்டாத மிச்சம் இருந்தால் என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்." அவ்வளவு போதும். பதில் வரும் வரை தொலைபேசியில் காசுக் கணக்குப் பேசாதீர்கள்.