சாம்பல் அள்ள யார் வருவார்?

அன்புள்ள டீச்சர்,

நான் உப்புவெளியைச் சேர்ந்தவன், வயது இருபத்தாறு. பிரித்தானியாவில் மூடப்பட்ட சிறு ரயில் பாதைகளைத் தொண்டர்களே எடுத்து நடத்துவதைக் காட்டும் காணொளிகளைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். வழக்கறிஞர், தாதி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லோரும் சேர்ந்து நீராவி எஞ்சின் ஓட்டுகிறார்கள். நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கூடிச் சங்கம் தொடங்கியிருக்கிறோம். சின்னம் வரைந்து டீ சேர்ட் அடித்தாயிற்று. வட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். கிழமையில் ஒரு நாள் சீனக்குடாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே பழைய எஞ்சின் ஒன்றை ஓட்டினால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். இதற்குப் புகையிரதத் திணைக்களத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது? வெள்ளைக்காரன் தன் துறைமுகத்துக்காகப் போட்ட பாதையை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று குழுவிலேயே ஒருவர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது? நீங்கள் எங்கள் சங்கத்தின் ஆலோசகராக இருக்கச் சம்மதிக்க வேண்டும்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதம் வந்த கிழமையில்தான் அண்ணா வேல்ஸிலிருந்து தொலைபேசியில் பேசினார். எண்பதுகளில் இங்கே தபால் கந்தோர் வேலையை விட்டுவிட்டுப் போனவர். அண்ணி போன பிறகு நீர் காணொளியில் பார்க்கும் ரயில்களில் ஒன்றில் தொண்டராகச் சேர்ந்துகொண்டார். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளை மாற்றும் குளிர்கால வேலை தொடங்கிவிட்டது, மழையில் முதுகு பிடித்துவிட்டது என்று ஒரு மணி நேரம் முறைப்பாடு. முறைப்பாட்டில் அவ்வளவு சந்தோஷம். அதை யோசித்துக்கொண்டிருந்தபோது உம்முடைய டீ சேர்ட் கடிதம் வந்து சேர்ந்தது.

சின்ன விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கல்ஓயாவிலிருந்து திருகோணமலைக்குப் பாதை வந்தது 1927-இல். யாருடைய தேவைக்காக என்பது வரலாற்றுப் பாடத்துக்கு நல்ல கேள்வி. கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டரைக் காட்டுவதற்காக இரவு ரயில் ஏறும் கிண்ணியாக்காரருக்கு அந்தக் கேள்வி இல்லை. உம் நண்பர் கொழும்புக்கு எதில் போகிறார் என்று கேட்டுப் பாரும். இதற்கு மேல் அவரோடு வாதாட வேண்டாம்.

அடுத்தது, எஞ்சின். நீர் சொல்லும் பாதையில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது, தம்பி. பிரித்தானியாவில் தொண்டர்கள் கையில் எடுத்தவை பெரும்பாலும் மூடப்பட்ட பாதைகள், அல்லது மூடப்போன பாதைகள். நம்முடையது தம்பலகாமத்து வயல்களைத் தாண்டி நாள்தோறும் ஆட்களை ஏற்றி இறக்கும் பாதை. அதற்குள் சங்கம் புகுந்து என்ன செய்யப் போகிறது? நீராவி எஞ்சின் பார்க்க ஆசையென்றால் கொழும்பு தெமட்டகொடையில் திணைக்களமே சிலவற்றைப் பேணி, ‘வைஸ்ராய் ஸ்பெஷல்’ என்ற பெயரில் ஓட்டியும் இருக்கிறது. திணைக்களத்தைச் சம்மதிக்க வைப்பதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், நினைவிருந்தால்.

நான் கேட்க வந்தது வேறு. உங்கள் நூறு பேரில் சாம்பல் அள்ள வருகிறவர் யார்?

காணொளியில் நீர் பார்ப்பது விசில், புகை, பச்சைக் கொடி. அந்த ரயில் காலை பத்தரைக்குப் புறப்பட வேண்டுமென்றால் இருட்டோடு ஒருவர் கொட்டகைக்கு வந்திருக்க வேண்டும். அண்ணாவைப் பார்க்கப் போயிருந்தபோது அவரோடு நானும் போய் நின்றிருக்கிறேன். வந்ததும் நெருப்பு மூட்டுவதில்லை. முதல் வேலை, தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்துக் கொதிகலனுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று உறுதிப்படுத்துவது. கைப் பிரேக் இறுகியிருக்கிறதா, நீராவி திறக்கும் கைப்பிடி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு நேற்றைய சாம்பலையும் உருகிக் கட்டியாகிப் போன கசடையும் கம்பியால் உடைத்து அள்ளுவது. எஞ்சினின் முன்பக்கக் கதவைத் திறந்து புகைப்பெட்டியில் படிந்த கரித்தூளை வாருவது. எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய்த் துணியும் விறகும். நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடலாம். குளிர்ந்த இரும்பும் செம்பும் ஒரே சீராகச் சூடேறாவிட்டால் குழாய் மூட்டுகள் கசியத் தொடங்கிவிடும். அவசரப்பட்டு மூட்டிய நெருப்புக்கு மாதக் கணக்கில் பழுதுபார்க்க வேண்டிவரும். நீராவி ஏறும் அந்த மணிக்கணக்கான நேரத்தில் ஒருவர் எண்ணெய்க்குடுவையோடு எஞ்சினின் அடியில் புகுந்து மூட்டு மூட்டாக எண்ணெய் விடுகிறார். இன்னொருவர் பித்தளை துலக்குகிறார்.

தண்ணீர்க் கண்ணாடி ஏன் முதல் வேலை? கொதிகலனுக்குள் நிலக்கரி எரியும் நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றினால் கூரைத் தகடு மிகச் சூடாகி இளகி, உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காமல் சரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் பிழைக்கமாட்டார். அதற்காகவே கூரையில் ஈயம் அடைத்த திருகாணி ஒன்றை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். அந்தத் திருகாணிக்கும் கொதிகலனுக்கும், பக்கத்தில் நிற்பவர் சம்பளத்துக்கு வந்தவரா, பொழுதுபோக்குக்கு வந்தவரா என்பது தெரியாது.

உம்மைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த உண்மையிலிருந்துதான் அங்கே எல்லா ஒழுங்கும் வருகிறது. வந்ததும் வரவுப் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். போதிய ஓய்வு எடுத்தாரா என்று பார்க்கிறார்கள். விதிப்புத்தகப் பரீட்சை எழுத வேண்டும், குறித்த காலத்துக்கொரு முறை மீண்டும் எழுத வேண்டும். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எஞ்சினில் ஏற விரும்புகிறவர் துடைப்பவராகத் தொடங்கி, நெருப்பைப் பார்க்கும் பயர்மனாகி, சாரதி ஆவதற்குள் வருடங்கள் போய்விடும். இதெல்லாம் ஒரு சதம் சம்பளம் வாங்காதவர்களுக்கு.

என் அண்ணா ரயில் காப்பாளர் (கார்ட்) பயிற்சியில் இருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு விடியற்காலையில் போனவரை, முறைப்பட்டியல் பார்க்கும் பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். அவருடைய மருத்துவச் சான்றிதழின் காலம் முந்திய கிழமையே முடிந்திருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும், அவளும் தொண்டர்தான். அண்ணா எனக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார்: “என் பேத்தி வயதுப் பிள்ளை என்னைத் திருப்பி அனுப்புகிறாள். சும்மா வந்து உழைக்கிறவனுக்கு இதுதான் மரியாதையா?” இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றார். பிறகு டொக்டரிடம் போய்ச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு, அதே பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அன்று காப்பாளர் வேலை இல்லாததால் கழிவறை கழுவினார். அந்தப் பிள்ளையைப் பற்றி இப்போது யாராவது குறை சொன்னால் அண்ணா சண்டைக்குப் போவார்.

அண்ணா கத்திய அந்தச் “சும்மா வந்து” என்பதில்தான் எனக்குக் கோபம், தம்பி. அது பழைய கோபம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நான் படிப்பித்த பள்ளிக்கூடம் முகாமானது. முதல் கிழமையில் தொண்டர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். சோறு பரிமாற ஆள் அதிகமாகி வரிசை நகரவில்லை. பொங்கலுக்குள் கூட்டம் கரைந்துவிட்டது. கடைசிவரை நின்றவர்கள் இரண்டு பெண்கள். கடல் எடுத்த வீட்டிலிருந்து வந்து அதே முகாமில் இருந்தவள் ஒருத்தி. மற்றவள் பத்திரகாளி கோயில் பக்கத்தவள், நாள் தவறாமல் நடந்து வருவாள். தென்னந்தும்பும் சாம்பலும் வைத்து அந்தப் பெரிய கிடாரங்களை உரசிக் கழுவினார்கள். அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

குடிநீர்த் தாங்கிக்குக் குளோரின் போடும் பொறுப்பை ஓர் இளைஞன் ஏற்றிருந்தான். நல்ல பிள்ளை, படித்தவன். ஒரு நாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. மூன்றாம் நாள் வந்தவனை நான் கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, “டீச்சர், நான் சும்மாதானே வந்து செய்கிறேன். சம்பளமா தருகிறீர்கள்?” என்றான். வகுப்பில் நான் பிள்ளைகளை அடித்ததில்லை. அன்று கை ஓங்கியது. யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

இருபது வருடங்களாக அந்த வாக்கியத்தை நம் ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கோயில் திருவிழாவில், வாசிகசாலைக் கொமிட்டியில், இரத்ததான முகாமில். இலவசமாகச் செய்வதால் தன்னை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். நான் தலைகீழாக நினைக்கிறேன். சம்பளத்துக்கு வருகிறவன் வராவிட்டால் சம்பளத்தை வெட்டலாம், வேறொருவனை வைக்கலாம். தொண்டனிடம் வெட்ட ஒன்றுமில்லை. அதனால்தான் அவனுக்கு இரட்டிப்புக் கண்டிப்பு வேண்டும், அதை அவனே கேட்டு வாங்க வேண்டும். நம் சிரமதானங்களைப் பாரும். ஒரு நாள், மண்வெட்டி, பெனர், மதியம் பார்சல் சோறு, படம். அடுத்த கிழமை அதே இடத்தில் குப்பை. ஒரே நாளில் நூறு பேர் வருவதைவிட நூறு கிழமைக்கு ஒருவர் வருவது கடினம். உங்கள் வட்ஸ்அப் குழுவில் முதலாவதுக்கு ஆள் நிறைய இருக்கிறது. இரண்டாவதுக்கு எத்தனை பேர் என்பதை நீர் எழுதவில்லை. கேட்டும் பார்த்திருக்கமாட்டீர்.

டாலிலின் என்று வேல்ஸில் ஒரு சிறு ரயில் உண்டு. தொண்டர்கள் மீட்டு நடத்திய ரயில்களில் உலகிலேயே முதலாவது அதுதான். 1865 முதல் சிலேட்டுக் கல் சுமந்த பாதை. 1950-இல் உரிமையாளர் இறந்ததும் மூடப்போனதை, அதே வருடம் பர்மிங்ஹாமில் கூடிய ஒரு கூட்டம் கையில் எடுத்தது. 1951 மே மாதம் ஓட்டத் தொடங்கினார்கள். ஓடும் நிலையில் இருந்தது டோல்கோக் என்ற ஒற்றைக் கிழட்டு எஞ்சின். தண்டவாளத்தைப் புல்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லுமளவுக்குப் பாதை கிடந்தது. அவர்கள் அந்தக் கோடையைக் கடந்தது வீரத்தால் அல்ல. சிலிப்பர் கட்டையை ஒவ்வொன்றாக மாற்றினார்கள், களை பிடுங்கினார்கள், டிக்கெட் விற்றார்கள், மறுபடியும் களை பிடுங்கினார்கள். தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி 3 அங்குலம்தான் அகலம் என்பதால் கைகளால் சமாளிக்க முடிந்தது. நம்முடையது 5 அடி 6 அங்குலம். அந்தச் சிலிப்பர் கட்டையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதும். நம் நாட்டிலும் களனிவெளிப் பாதை 2 அடி 6 அங்குலமாக இருந்தது. தொண்ணூறுகளில் அதை அகலமாக்கிவிட்டார்கள். உம்மைப் போன்ற ஒருவர் அப்போது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆம் தம்பி, உம்மைப் போன்ற ஒருவர். திட்டுகிறேனே தவிர, உம்முடைய கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். இருபத்தாறு வயதில் நம் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டு விசாவைப் பற்றித்தான் எனக்கு எழுதுவார்கள். நீர் ரயிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்.

ஆகவே இதைச் செய்யும். எஞ்சினை மறந்துவிடும். புகையிரத நிலைய அதிபரிடம் போய், நிலையத்து வளவில் ஒரு பூப்பாத்தியைப் பார்த்துக்கொள்ள அனுமதி கேளும். அதற்கு ஒரு வருட முறைப்பட்டியல் எழுதும். எந்தக் கிழமை யார் தண்ணீர் ஊற்றுவது, வராவிட்டால் யாருக்குச் சொல்வது, இரண்டு முறை வராதவரை யார் நீக்குவது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். நீக்கும் பொறுப்பைக் குழுவிலேயே வயதில் இளைய பெண்ணிடம் கொடும். இன்னொரு வேலை, ஊரில் ஓய்வுபெற்ற ரயில்காரர்கள் இருப்பார்கள். பாதையில் வேலை செய்தவர்கள், சமிக்ஞை பார்த்தவர்கள், காப்பாளர்கள். அவர்களிடம் போய் இருந்து, வேலையை எப்படிச் செய்தார்கள் என்று படிப்படியாக எழுதி எடுங்கள். வீரக் கதை வேண்டாம். விளக்குத் திரியை எப்படி வெட்டினார்கள், தண்டவாளம் வெயிலில் நீண்டால் என்ன செய்தார்கள் என்பவை வேண்டும். அவர்கள் போய்விட்டால் அதைச் சொல்ல ஆள் இல்லை. திணைக்களத்திடம் பேச வேண்டிய நாள் வரும்போது அந்தக் கொப்பிகளைக் கொண்டு போகலாம், சின்னத்தைவிட அவை பேசும்.

ஆலோசகர் பதவி எனக்கு வேண்டாம். கடிதத்தாளில் பெயர் போட்டிருக்கும் ஆலோசகர்கள் இந்த ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் 2014-இல் திறந்த புகையிரத நூதனசாலை இருக்கிறது. பழைய எஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். பொல்காவலையில் ரயில் மாறிப் போகலாம். நீங்கள் நாலைந்து பேர் போவதென்றால் சொல்லும், நானும் வருகிறேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டியது உங்கள் பொறுப்பு. எனக்குச் சீனி வியாதி, பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

அன்புடன்,
டீச்சர்